வெசையா எடுக்காத, கண்ணு

மெடலை எங்க காணோம்னு வந்ததும் வராததுமா கேக்கறயே கண்ணு, சொல்றேன். மொதல்ல இந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. காலை நீட்டியே உக்காரு, மடக்க வராதுன்னு எனக்குத் தெரியும். நேத்து மாடிப்படியில நீ பொறவால திரும்பி நின்னுட்டு ஒவ்வொரு படியா எறங்குனதை உங்கப்பத்தா பாத்துட்டா. "பையனுக்குக் காத்துக்கருப்பு அண்டியிருக்குமாட்ட இருக்குது, மந்திரிக்கோணும்"னு எங்கிட்ட வந்து காதக் கடிச்சா. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஓட்டப்பந்தயத்துக்குப் போயிட்டு வந்திருக்கறான்"ன்னேன். "ஓடறதுக்கு என்ன குடுத்தாங்களாம்?"னு கேட்டா. "இவந்தான் காசு கட்டியிருக்கறான்"ன்னேன். அப்பப் புடிச்சு மந்திரிக்கறதுல ஒரே உறுதியா இருக்கறா.

மெடலு எங்கயும் போயிராது. நம்மூட்டுக்குள்ளதான் இருக்குது. மோர் குடி.

ஞாயித்துக்கிழமை நீ ஓடுனதை நம்ம பக்கத்து ஆளுக யாரும் பாக்கலைன்னுதானே நெனச்சுட்டிருக்கறே? வெடியால பாலைக் கொண்டுபோய் சொசைட்டில ஊத்திப்போட்டு, எக்ஸெல்லை அப்படியே திருப்பி நான் நேரா அங்கதான் வந்தேன். 17ஆவது கிலோமீட்டர்ல ஒரு டீக்கடை இருந்துச்சுல்ல, அதோட பெஞ்சுல, பேப்பரை விரிச்சுப் புடிச்சுட்டு ஒரு பெருசு உக்காந்திருந்துச்சுல்ல? நாந்தான்.

கடைக்கு எதிர்த்தாப்புல ஒருத்தன் கேமராவோட குத்தவெச்சு உக்காந்திருந்தான். தூரத்துல நீ வந்தே. ஓட்டமும் இல்ல, நடையும் இல்ல, சந்தைக்குப் போயி வெலை படியாம திரும்பி வர்ற கெடாயாட்டம் தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்தே. கேமராவைக் கண்டே பாரு! தலை நிமிந்துச்சு, நெஞ்சு முன்னால வந்துச்சு, முட்டி மேல ஏறுச்சு, மூஞ்சியில ஒரு சிரிப்பு வேற. கல்யாணத்தன்னிக்குக் கூட நீ அப்படிச் சிரிக்கலை சாமி. கேமராவைத் தாண்டி பத்தடி போயிருப்பே, ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுட்டு நின்னுட்டே. அந்த போட்டோவைத்தான் பெருசா போட்டு வெச்சிருக்கறயாமா. நல்லா இருக்குது. டீக்கடைக்காரன் எங்கிட்ட, "அந்தத் தம்பி உங்களுக்கு வேண்டியவருங்களா?"ன்னு கேட்டான். "தெரியாதுங்க"ன்னுட்டேன்.

உன்ற கணக்கு பூராவும் நம்மூட்டுப் பாப்பா எனக்குப் படிச்சுக் காட்டிருச்சு. உன்ற போன்ல இருக்கறதெல்லாம் அது போன்லயும் தெரியுதாமே. மொத 5 கிலோமீட்டரு 27 நிமிஷம். அடேயப்பா! 2 மணி 15 நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேத்தறேன்னு முதுகுல பலூன் கட்டிட்டு ஒரு பையன் நெதானமா ஓடுனானாமே, அவனை மொத கிலோமீட்டர்லயே தாண்டிப் போனயாமா. 11ஆவது கிலோமீட்டர்ல அதே பலூன் பொட்டாட்ட வந்து உன்னையத் தாண்டிப் போச்சாமா. கடைசில 2 மணி 41 நிமிஷம். மிச்சமிருந்த பத்துச் சொச்சத்துல நீ நடந்தது எச்சா, ஓடுனது எச்சான்னு நான் கேக்கலை.

என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா? அங்க மேடை போட்டு, நெஞ்சதிர்ற மாதிரி டப்பாங்குத்துப் பாட்டைப் போட்டு, மைக்குல ஒருத்தன் பத்து ஒம்பதுன்னு எண்ணிவிட, நீ உன்னைய ரேக்ளாக் காளைன்னு நெனச்சுப்போட்டே. நம்ம தொண்டுப்பட்டியில காளை நின்ன காலத்துல நீ பொடியன், உனக்கு நெனவிருக்காது. நம்ம பக்கம் ரேக்ளான்னா 200 மீட்டரு, பல்லுப் போட்ட பெரிய காளைக்கு 300 மீட்டரு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோகும். அதுக்குக் கோட்டுலயே வாலை முறுக்கி விடலாம், தப்பில்ல. நீ பேரு குடுத்திருந்ததோ 21 கிலோமீட்டருக்கு. அது உழவு மாட்டு வேலை.

உழவுன்னதும் நெனப்பு வருது. அன்னிக்கு ராத்திரி பாப்பா போன்ல ஒரு கணக்குப் போட்டுச்சு. ஒரு ஏக்கரா நெலத்தை நாட்டுக் கலப்பையில ஓட்டுனா மாட்டுக்குப் பொறவால நான் எத்தனை தூரம் நடந்திருப்பேன்? சாலுக்குச் சால் ஒரு சாண் அகலம், அதாவது 9 அங்குலம்னு வெச்சா 17 கிலோமீட்டருக்கு மேல வருது. நாட்டுக் கலப்பை ஒரு சாண் எங்க கண்ணு புடிக்கும்? முக்காச் சாண்தான். அப்ப 23 கிலோமீட்டரைத் தாண்டிப் போயிருச்சு. அதுவும் சேத்துக்குள்ளயும் கட்டி மேலயும், கலப்பை மேழியை அழுத்திப் புடிச்சுட்டு. பாப்பா என்னையப் பாத்து, "அப்பாரு, நீங்க எத்தனை ஆஃப் மாரத்தான் ஓடியிருப்பீங்க"ன்னு வாயப் பொளந்துட்டு நின்னுச்சு. எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் எதுக்குச் சொல்லோணும்.

அதுக்காக உன்னையக் கொறைச்சுச் சொல்லலை. ஒரு ஏக்கராவை ஒரே நாள்ல ஒரு சோடி மாடு ஓட்டாது. வெடியால பூட்டி வெய்யில் ஏறுறதுக்குள்ள அவுத்துருவோம், ரெண்டு நாளு ஆகும். நீ ஏறக்கொறைய அதே தூரத்தை ரெண்டே முக்கா மணிக்குள்ள முடிச்சுட்டே. கெட்டிக்காரந்தான். ஆனா எம்பட மாடு மக்கா நாளு மறுபடியும் ஏருக்கு நின்னுச்சு. நீ படி எறங்க மாட்டேங்கறே.

மாடு எப்படி நின்னுச்சுன்னா, மொத நாலு சாலு அதை நான் வெரட்ட மாட்டேன். அதுவா மூச்சு வாங்கி, அதுவா ஒரு நடைக்கு வரட்டும்னு விட்டுருவேன். மொதல்லயே தார்க்குச்சியைப் போட்டா அன்னிக்குப் பாதி வயலோட படுத்துக்கும். இதைச் சொல்லிக் குடுக்கறதுக்கு உனக்கு மாசாமாசம் காசு கட்டி ஒரு கோச்சு வேற. அவரும் இதைத்தான் சொன்னாராமே, மொத 5 கிலோமீட்டரு பேசிட்டே ஓடற வேகத்துல ஓடுன்னு. கேட்டயா? உனக்குப் பின்னால வந்தவங்களெல்லாம் உன்னையத் தாண்டுனா உனக்கு ரோசம் வந்துருது. அவங்கள்ல பாதிப் பேரு 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்தவங்க சாமி, அதோட வீட்டுக்குப் போறவங்க! இந்த 5 கிலோமீட்டருக்கும் நம்மூர்ல மாரத்தான்னே பேரு வெச்சுப்போட்டாங்க. அசல் மாரத்தான் 42 கிலோமீட்டர் 195 மீட்டரு.

அந்த 195 மீட்டர் வாலு எதுக்குன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியலை, எனக்குத் தெரியும். 1908இல் லண்டன் ஒலிம்பிக்ல வின்ட்சர் அரண்மனையில ஆரம்பிச்சு, மைதானத்துல ராசா ராணி உக்கார்ற பந்தலுக்கு நேரா முடியோணும்னு அளந்தப்ப வந்த தூரம் அது. பொறவு 1921இல் அதையே சட்டமாக்கிப்போட்டாங்க. பெரியதனக்காரர் ஊட்டு வாசலோட தேர் திரும்பட்டும்னு நம்மூர்ல வீதியை மாத்துனாங்களே, அந்தக் கதைதான். எவனோ பெரிய மனுசன் உக்காந்திருந்த நாற்காலிக்காக இன்னிக்கும் உலகம் பூரா கால் நோக ஓடுது. உன்றது அதுல பாதி. பாதி வாலும் உனக்கு வந்து சேந்துச்சு. ஓடி முடிச்சதும் வாச்சுல 20.98தான் காட்டுதுன்னு மெடலைக் கழுத்துல போட்டுட்டு பந்தலைச் சுத்தி மறுபடியும் ஓடுனயாமே. 21.10 வந்தப்பறந்தான் நின்னயாமா. அளந்து கல்லு நட்டவன் பொய் சொல்லுவான், கையில கட்டுனது சத்தியம் சொல்லும். இருக்கட்டும்.

உன்ற ஓட்டத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த ரெண்டு நேரக் கணக்குதான். துப்பாக்கி வெடிச்சதுல இருந்து எண்ணுனா ஒரு நேரம், நீ பாயைத் தாண்டுனதுல இருந்து எண்ணுனா இன்னொரு நேரம். நெஞ்சுல குத்துன நம்பர் அட்டைக்குப் பின்னால ஒரு சிப்பு ஒட்டியிருக்குதாம், அது தரையில விரிச்ச பாயை மிதிக்கறப்ப மணி குறிச்சுக்குதாம். நல்ல ஏற்பாடு. நெலம் வாங்கறப்ப பத்திரத்துல ஒரு வெலை, கையில ஒரு வெலை. கொறைச்சலானது எதுவோ அதையே நாலு பேருகிட்டச் சொல்லு.

பூட்ஸுக்கு நீ பன்னண்டாயிரம் குடுத்தேன்னு உன்ற பொண்டாட்டி எங்கிட்ட அழுதுச்சு. உள்ள கரித் தகடு வெச்சிருக்குதாம், உந்தித் தள்ளுமாம். சிவ்நாத் சிங்குன்னு நம்ம பட்டாளத்துக்காரர் ஒருத்தர். 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்ல மாரத்தான் ஓடி 11ஆவதா வந்தவரு, 1978இல் ஜலந்தர்ல 2 மணி 12 நிமிஷத்துல முடிச்சவரு. அந்த நேரத்தை நாப்பது வருசத்துக்கு மேல இந்தியாவுல ஒருத்தரும் அசைக்கலை. அவரு வெறுங்கால்ல ஓடறதுக்குப் பேரு போனவரு. இதைச் சொன்னதும் நாளைக்கு வெடியால நீ பூட்ஸைக் கழட்டிப்போட்டு இட்டேறியில எறங்கீராத. சீமைக்கருவேல முள்ளுக்கு ஒலிம்பிக்கெல்லாம் தெரியாது. பூட்ஸைப் போட்டுக்க. அது உன்னையத் தள்ளுதுன்னு நெனச்சுக்கறது மட்டும் வேண்டாம். தள்ளுறதா இருந்தா 11ஆவது கிலோமீட்டர்ல எங்க போச்சு அது?

அப்பறம் சோத்துக் கதை. மாவுச்சத்து ஏத்தோணும்னு எதையோ படிச்சுப்போட்டு முந்தின நாள் ராத்திரி நாலு பரோட்டா தின்னயாமே, சால்னாவோட. 13ஆவது கிலோமீட்டர்ல நீ ரோட்டை விட்டுச் சோளக்காட்டுக்குள்ள போனதைப் போன்ல பாப்பா கோடு போட்டே காட்டுச்சு. வானத்துல இருக்கற சேட்டிலைட்டு உன்ற ரகசியத்தை அத்தனை சுத்தமா வரைஞ்சு வெச்சிருக்குது! அடுத்த தடவை ராத்திரி ஏழு மணிக்கே அரிசியும்பருப்புச் சோறு கொஞ்சம் உண்டுட்டுப் படு. வெடியால ஒரு வாழப்பழம். தண்ணி கெடைக்கற எடத்துல எல்லாம் மொடா மொடாவா ஊத்தாத. உப்பில்லாத வெறுந்தண்ணி அளவுக்கு மீறுனா ரத்தத்துல உப்பு நீத்துப்போகும், அது ஆளையே சாச்சுப்போடும். ஓடி வந்தப்ப உன்ற பனியன்ல வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து சவுட்டுமண்ணாட்டம் இருந்துச்சே, அத்தனையும் உள்ள இருந்து போனது. உப்புப் போட்ட மோரு, இல்லீன்னா அந்தப் பொட்டணப் பொடி. நெஞ்சுல ரெண்டு எடத்துல பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போனது மட்டும் நல்ல ரோசனை. துணி ஒரசி ரணமாயிரும். நுகத்தடி ஒரசற எடத்துல நாங்க மாட்டுக்கு விளக்கெண்ணெய் தடவுவோம். சிரிக்காத, ஒரே வைத்தியந்தான்.

15ஆவது கிலோமீட்டர்ல தண்ணி தீந்துபோச்சு, நடத்துனவங்களுக்குப் பொறுப்பில்லைன்னு அன்னிக்குப் பூராவும் பொலம்புனே. வாஸ்தவம், காசு வாங்குனவங்க தண்ணி வெக்கோணும். ஆனா 1904இல் அமெரிக்காவுல செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்ல நடந்ததைக் கேட்டா நீ வாயத் தொறக்க மாட்டே. நல்ல வெய்யில், வழி நெடுகப் புழுதி, தண்ணி கெடைச்சது ஒண்ணு ரெண்டு எடத்துல. 32 பேரு கெளம்பி 14 பேருதான் வந்து சேந்தாங்க. தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்த ஒருத்தரை நாய் தொரத்தி வழியை விட்டே ஓட்டிவிட்டுருச்சு. அப்படியும் 9ஆவதா வந்தாரு. நாய் வந்தா நீ ஓடாத, நின்னு நட. ஓடறவனைத்தான் நாய்க்குப் புடிக்கும். இன்னொருத்தன் பேரு லார்ஸ். கால் இழுத்துக்கிச்சுன்னு காருல ஏறி உக்காந்துட்டு 11 மைலு போயிட்டான். கடைசில எறங்கி ஓடி, மொத ஆளா மைதானத்துக்குள்ள வந்து நின்னான். கும்புடு வாங்கிட்டு, பரிசு வாங்கப் போற நேரத்துலதான் சாயம் வெளுத்துச்சு. அடுத்த வருசமே பாஸ்டன்ல ஒழுங்கா ஓடி செயிச்சான்ங்கறதையும் சொல்லோணும்.

இதை ஏன் சொல்றேன்னா, அன்னிக்கு டீக்கடை முன்னால எம்பட எக்ஸெல்லுல பின் சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. நீ நின்ன நெலையைப் பாத்தப்ப எனக்கு மனசு கேக்கலை. கூப்புடலாமான்னு எந்திரிச்சேன். கூப்பிட்டிருந்தா நீ ஏறியிருப்பே, அதான் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுட்டேன்.

45 வயசுக்கு மேல ஒரு தனிப் பிரிவு இருக்குது, அதுல பரிசு தட்டீருவேன்னு சொல்லிட்டுத் திரியறயாமே. இன்னும் ஏழு வருசம் கெடக்குது. அங்க வர்றவங்களைப் பாத்திருக்கறயா? ஒல்லி ஒல்லியா, வெள்ளைத் தாடியோட, ஒரு வார்த்தை பேசாம உன்னையத் தாண்டிப் போனாங்களே, அவங்கதான். வயசுப் பிரிவுல செயிக்க ஒரே வழி, மத்தவங்கெல்லாம் ஊட்டோட இருக்கற வயசு வரைக்கும் ஓடறது. பஞ்சாப்ல பொறந்து லண்டன்ல இருந்த ஃபௌஜா சிங்கு 2011இல் டொரண்டோவுல முழு மாரத்தானை முடிச்சப்ப அவருக்கு 100 வயசுன்னு சொன்னாங்க. அவரு மொத மாரத்தானுக்குப் போனதே 89 வயசுலயாம். எனக்கு இப்ப 82. அந்தக் கணக்குக்கு இன்னும் ஏழு வருசம் இருக்குது எனக்கும். ரெண்டு பேரும் ஒட்டுக்கா பேரு குடுக்கலாம். நான் பலூனுக்குப் பின்னாலயே வந்துருவேன், நீ முன்னால போய்க்க.

செரி, மெடலு. ஆணியில மாட்டி வெச்சிருந்தேதான். ஞாயித்துக்கிழமை பொழுதோட செவலைக் கன்னுக்குட்டி கழுத்து மணி அந்து விழுந்துருச்சு. மணி வாங்கச் சந்தைக்கு இன்னும் நாலு நாளு. பாத்தேன், உன்ற மெடலு நாடா நல்ல அகலம், கெட்டி, பெரிய ஊரு நாடா. தட்டும் கொளம்புல பட்டா கணீர்னு கேக்குது. கோவிச்சுக்காத, செவலையும் தெனம் ஓடறதுதானே.

ஆனா கண்ணு, இன்னிக்கு வெடியால அது முளைக்குச்சியைப் புடுங்கிட்டு இட்டேறியில ஓடிப்போச்சு. கெழக்கால கெணத்துமேட்டுப் பக்கம் கணீர் கணீர்னு கேக்குது பாரு, அதேதான். எம்பட காலுக்கு ஆகாது, நீதான் போயிப் புடிச்சுட்டு வரோணும். எந்திரி, மெல்ல, கட்டலைப் புடிச்சுட்டு எந்திரி. எடுத்த எடுப்புல வெசையாப் போகாத. மொதல்ல கிலுவை வேலி வரைக்கும் சும்மா நட...