சிரட்டைச் சங்கீதம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தொடர்மாடிக்கு ஒருவராவது அகப்படுவார். பகலில் கணக்காளர், வங்கி உத்தியோகத்தர், அல்லது உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர். 101ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார், திரும்பும்போது மரக்கறிப் பையோடு வருவார். சந்தேகப்பட ஒன்றும் இராது. இரவுச் சாப்பாடு முடிந்து சோல்டரிங் அயன் சூடேறிய பிறகுதான் ஆள் மாறுவார். அயலில் அவருக்குப் பெயர் ‘ஹெட்போன் அண்ணை’.

கடையில் வாங்கிய ஹெட்போனை வாங்கியபடியே தலையில் போடுவது அவருக்கு, சந்தையில் வாங்கின மீனைச் செதில் எடுக்காமல் சட்டியில் போடுவது மாதிரி. முதலில் நாலு திருகாணியைக் கழற்றி வயிற்றைப் பிளக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம் போய் மரக் கிண்ணம் வர வேண்டும். உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது காந்தமும் கம்பிச் சுருளும் மெல்லிய சவ்வும் சேர்ந்த அந்தக் குட்டி ஒலிபெருக்கி, அதுவும் போய் அவர் தெரிவுசெய்த 50 மில்லிமீற்றர் டிரைவர் வர வேண்டும். எஞ்சுவது தலைப்பட்டி ஒன்றுதான். அதையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

மரம், பலா. வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்குப் பலா, தவிலுக்குப் பலா, காதுக்கு மட்டும் பிளாஸ்டிக்கோ என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மிருதங்கக் கட்டை அதிர வேண்டும். ஹெட்போன் கிண்ணம் அதிரக் கூடாது. டிரைவர் முன்பக்கம் பாடுகிற பாட்டையே பின்பக்கமும் பாடும். அது கிண்ணத்தில் மோதித் திரும்பி வந்து முன்பாட்டைக் குழப்பும். இது அண்ணைக்கும் தெரியும். ஆகவே பாட வேண்டும் என்று பலாவைக் கடைவித்து, பாடக் கூடாது என்று அதற்குள் கம்பளித் துணியும் பஞ்சும் அடைப்பார்.

கடைசல் வேலைக்கு மொறட்டுவை. தளபாடத்துக்குப் பேர்போன ஊர். இரண்டு கிண்ணமும் தடிப்பில் மயிரிழை பிசகக் கூடாது என்று வேணியர் இடுக்கிமானியோடு போய் நின்றவரைப் பார்த்து, இது எதற்கு என்று தச்சு பாஸ் கேட்டிருக்கிறார். அண்ணை தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். காது கேளாத யாருக்கோ ஏதோ கருவி செய்கிறார் என்று விளங்கிக்கொண்ட பாஸ், பாதிக் கூலி போதும் என்றாராம். அண்ணை திருத்தவில்லை.

வீட்டில் பட்டறை என்று தனி அறை கிடையாது, குசினி மேடைதான். இடியப்ப உரலுக்கும் சோல்டர் ஈயத்துக்கும் இடையிலான எல்லைத் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை. கேட்டால் அண்ணையிடம் சரித்திரம் தயாராக இருக்கும். 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் போல்ட்வின் குசினியில் வைத்தே ஹெட்போன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். 1953இல் புரூக்ளினில் ஜோசப் கிராடோ தொழில் தொடங்கியதும் குசினி மேசையில். அவர் பெயரில் வந்த மகோகனிக் கிண்ண ஹெட்போன்களுக்கு இன்றைக்கும் அடியார் கூட்டம் உண்டு. “ஹெட்போன் பிறந்த இடமே குசினிதானப்பா” என்பார். “அந்தாக்களின்ரை பெஞ்சாதிமாரை ஆரும் கேட்டு எழுதினவையோ?” என்பார் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா. அந்தப் பலாக் கிண்ணங்களுக்குச் சிரட்டை என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அண்ணையின் கனவில் வருவது சோனியின் எம்டிஆர் ஆர்10. 1989இல் வந்தது. கிண்ணம் ஜப்பானின் செல்கோவா மரம். சவ்வு, பாக்டீரியா நூற்ற செலுலோஸ். தேங்காய்த் தண்ணீரில் விளைவிக்கும் நாட்டா டி கோகோவும் இதே சாமான்தான் என்று அறிந்த நாள் தொடக்கம், வீட்டில் தேங்காய் உடைத்தால் தண்ணீர் அவருக்கு. போத்தலில் விட்டு, துணியால் வாயைக் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார். படர்ந்தது சவ்வா பூஞ்சணமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்க, மணத்தை வைத்து அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு உள்ளூர் உற்பத்தி நின்றது, இறக்குமதி தொடங்கியது.

இறக்குமதி என்றால் ஸ்காபரோ மைத்துனர். கனடாவில் இருந்து வருகிறவர் எல்லாருக்கும் சொக்கலேட் கொண்டுவருவார், அண்ணைக்கு மட்டும் காந்தம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியபோதும் இதில் மாற்றமில்லை. நாளுக்கு 13 மணி நேரம்வரை கறன்ற் நின்ற அந்த நாட்களில் ஊர் காஸ் வரிசையில் நிற்க, இவர் அயன் சூடாக்க வாய்க்கும் நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

டிரைவர் பொருத்துவது பார்க்க வேண்டிய காட்சி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே உருப்பெருக்கிக் கண்ணாடி. சுருளில் இருந்து வரும் கம்பி தலைமயிரிலும் மெல்லிசு; அயன் கொஞ்சம் தாமதித்தால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புளியைக் கிட்டக் கொண்டுபோவார். நியோடிமியக் காந்தம் சும்மா இருக்குமா? வெடுக்கென்று இழுக்கும், நுனி போய்ச் சவ்வில் பொட்டு வைக்கும். சோடியில் ஒன்று காலி. தனியே ஒன்றை வாங்கி ஒப்பேற்றவும் முடியாது, இரண்டும் ஒரே அச்சாக ஒலிக்க வேண்டும். மைத்துனரின் அடுத்த விடுமுறை வரைக்கும் தவம்தான். தப்பிப் பிழைக்கும் சோடிக்கு மருந்துக்கடைக் கடதாசிப் பிளாஸ்டர். அது காற்றைக் கொஞ்சம் விடும் என்பதால், பின்துளைகளில் ஒட்டி ஒட்டியே பேஸைக் கூட்டிக் குறைக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்கு இவ்வளவு காயம் என்று மருந்துக்கடைப் பிள்ளை ஒருநாள் கேட்டேவிட்டாள்.

போட்டிக்காரர் இல்லாமலா? இருக்கிறார், கொட்டாஞ்சேனையில். ஜம்பட்டா வீதிப் பக்கம் வீடு, செட்டியார் தெருவில் நகை வேலை. பொடி வைத்து ஊதிப் பழகிய கை என்பதால் அவர் பற்றவைத்த இடம் தெரியாது. கிண்ணத்தின் முதுகு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடற்கரை ரயிலும் காலி வீதி ஹோர்னும் உள்ளே வராமல் மூடியே இருக்க வேண்டும் என்பது அண்ணை கட்சி.

ஒருமுறை அண்ணை புதுச் சோடியைப் பொருத்திவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் முதல் அரை நிமிடம். அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. “வயலின் தலைக்குள்ளை நிக்கேல்லை, பாருங்கோ. காலி வீதிக்கு அங்காலை நிண்டு வாசிக்கிறாங்கள்!” எல்லாரும் தலையாட்டினோம். கொட்டாஞ்சேனைக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் இடப்பக்கச் சிரட்டையைத் திறந்தார். “அண்ணே, சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடக்குதே.”

ஒரு பக்கம் வயர் மாறினால், ஒரு காதில் சவ்வு முன்னே தள்ளும்போது மற்றக் காதில் பின்னே இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய ஒலி சிதறி எங்கோ போய் நிற்கும், பேஸ் மெலியும். அண்ணை காலி வீதிக்கு அங்கால் கண்டது அந்தச் சிதறலைத்தான். மனுசன் அசரவில்லை. “உதை நான் வேணுமெண்டுதான் செய்தனான்” என்றார்.

உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார். தேத்தண்ணி வரும், சிரட்டை தலையில் ஏறும், “எப்பிடி?” என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “நல்லாயிருக்கு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்லாயிருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்தால் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டி வரும், அது அவரால் ஆகாது. “பேஸ் கொஞ்சம் குறையுது போலை கிடக்கு” என்று சொல்லுங்கள். முகம் மலர்ந்துவிடும், கை திருப்புளிக்குப் போகும்.

உண்மையில் அவருக்குப் பேஸ் குறைவுதான். மூக்குக் கண்ணாடியின் தண்டு காது மெத்தையைத் தூக்கி இடைவெளி விடுகிறது. அந்த வழியால் பேஸ் கசிந்துபோகிறது. பலாவிலும் பஞ்சிலும் கனடாக் காந்தத்திலும் அவர் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப்பாருங்கோ என்று தயவுசெய்து ஒருவரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.