சொந்த சர்வரில் நைஃபை

கேள்வி: எங்கள் மருந்து மொத்த வியாபாரத்தின் விற்பனை, இருப்பு, வங்கிக் கணக்கு மூன்றும் மூன்று மூலைகளில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்க அப்பாச்சி நைஃபை என்னும் தரவுக் கடத்து மென்பொருளை அலுவலக சர்வரிலேயே நிறுவலாமா?
— ஒரு வாசகர், வானவடி, புனே

பதில்: தாராளமாக நிறுவலாம். அமெரிக்கா இந்தியாவுக்கு அதிவேகக் கணினியைத் தர மறுத்தபோது, 1988இல் தோன்றிய சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு மையத்தின் மூலம் 1991இல் பரம் 8000 என்னும் இயந்திரத்தைத் தானே சிருஷ்டித்துக்கொண்ட நகரத்தில் வசித்துக்கொண்டு, சொந்த சர்வரைக் குறித்துத் தாங்கள் ஐயுறுவானேன்?

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உபயோகத்துக்கென உருவாக்கி, 2014இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்த நைஃபைக்குக் கட்டணம் கிடையாது. எனினும் அதன் இரண்டாம் பதிப்பு, ஜாவா 21 இல்லாத இடத்தில் கண் விழிக்காது. முதன்முறை இயங்கியதும், புது மருமகளின் கையில் சாவிக்கொத்தைத் தராமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் மாமியாரைப் போல, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தானே படைத்து, நைஃபை-ஆப் என்னும் லாக் கோப்புக்குள் எழுதிவிட்டு மௌனம் சாதிக்கும். ஆரம்பத்தில் 8443ஆம் போர்ட்டில், அந்த சர்வருக்குள் மட்டுமே அது செவிசாய்ப்பதால், அடுத்த மேஜையிலிருந்து திறக்கவில்லையென்று விசனப்பட வேண்டாம். அலுவலக வலையமைப்புக்குத் திறந்துவிடுங்கள், இணையத்துக்கு ஒருபோதும் திறவாதீர்கள்.

தரவின் உள்ளடக்கமும் அதன் பிரயாண சரித்திரமும் வட்டில் சேர்ந்துகொண்டே போகுமாதலால், அவ்விரண்டுக்கும் தனித்தனி வட்டு ஒதுக்குவது உத்தமம். நைஃபை இடையில் நின்றுபோனாலும் பயம் வேண்டாம்: ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே வட்டில் குறித்துவைப்பதால், விட்ட இடத்திலிருந்தே அது காரியத்தைத் தொடரும். ஆனால் திடீர் மின்வெட்டில், ஆரம்ப அமைப்பின்படி, கடைசி மாற்றங்கள் சில தொலைந்துபோகக்கூடும்.