பத்து சிட்டிங் மகாத்மியம்

முழங்கால் நோவோ தோள்பட்டை இறுக்கமோ கொண்டு தனியார் பிசியோதெரபி நிலையத்தின் படியேறும் சென்னைவாசி முதற்கண் அறிய வேண்டிய சாஸ்திரம் யாதெனில், அங்கே நோய் இன்னதென்று நிர்ணயமாகும் முன்பே சிகிச்சையின் எண்ணிக்கை நிர்ணயமாகிவிடும் என்பதே. பத்து சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் செலுத்துவோர்க்குச் சலுகை உண்டு. ஆறிலேயே வலி அகன்றுவிட்டால் மிச்சத் தொகை திரும்புமா என்று வினவுவது மட்டும் அபசகுனம்.

அடுத்தது யந்திர தரிசனம். அல்ட்ராசவுண்ட், மின்னோட்டம் பாய்ச்சும் டென்ஸ், ஐ.எஃப்.டி. என்னும் மும்மூர்த்திகளையும் கீழ்முதுகு வலிக்கு அளிக்க வேண்டாமென்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் நிறுவனம் 2016இல் எழுதிவைத்த செய்தியை, பாவம், அந்த யந்திரங்களுக்கு எவரும் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. அந்நிறுவனம் சிபாரிசு செய்தது தேகப்பயிற்சியை. ஆனால் பயிற்சியில் விளக்கு மினுக்குவதில்லை, மணி ஒலிப்பதில்லை, போதாக்குறைக்கு நோயாளியே வியர்க்க வேண்டியிருக்கிறது. படுத்தபடியே குணமாக விரும்பும் நம்மவர்க்கு இது எப்படிச் சம்மதமாகும்?

நாலரை ஆண்டு பி.பி.டி. என்னும் பிசியோதெரபிப் பட்டப்படிப்பைப் பயின்று, மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்து, வீட்டில் செய்யத்தக்க பயிற்சியைக் கற்பித்து, விரைவிலேயே விடைகொடுத்து அனுப்பும் உத்தமர்களும் உளர். வியாபார நோக்கில் அவர்கள் சுத்த அசடுகள்.

பணம் கட்டுமுன் பட்டத்தைக் கேளுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மின்சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுக்கடங்காமற்போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ, மிச்சமிருக்கும் சிட்டிங்குகளை எண்ணிக்கொண்டிராமல், அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.