கீர்த்தியும் சிறைக்கதவும்

கேள்வி: உலகப் பிரசித்தி பெற்ற கால்பந்து வீரர்கள் கடுமையான குற்றச்சாட்டுகளில் சிக்கும்போது, அவர்களுடைய கீர்த்தி நியாயஸ்தலத்தில் உதவுமா?

பதில்: கீர்த்தியானது கெட்டிக்கார வக்கீலை அமர்த்திக் கொடுக்குமேயன்றிக் குற்றப்பத்திரிகையைக் கிழித்துக் கொடுக்காது. பாலியல் வன்கொடுமைக்காக 2017-ல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தும், சொந்தப் பிரஜைகளை அந்நிய தேசத்திடம் ஒப்படைக்காத பிரேசிலில் நிம்மதியாக உலவி வந்த ரொபின்யோவை, 2024-ல் அந்தப் பிரேசிலே தன் சிறையில் அடைத்து அத்தண்டனையை அனுபவிக்கச் செய்தது. ஆயினும், குற்றம் சாட்டப்பட்டவரெல்லாம் குற்றவாளியும் அல்லர். மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய பெஞ்சமின் மெண்டி, 2023-ல் விசாரணை முடிவில் விடுதலையாகி, நிறுத்தப்பட்ட சம்பளத்தின் பெரும் பகுதிக்கு உரியவர் என்ற தீர்ப்பையும் மறு வருஷமே பெற்றார்.

சற்று ஹாஸ்யமான திருஷ்டாந்தம் வேண்டுமாயின் ரொனால்டினோ இருக்கிறார். பிரேசில் பிரஜை பராகுவேக்குச் செல்ல அடையாள அட்டையே போதுமென்றிருக்க, போலிக் கடவுச்சீட்டுடன் அங்கே பிரவேசித்ததாக 2020 மார்ச்சில் கைதான அம்மகாவீரர், சிறைக்குள் நடந்த பந்தயத்தில் கைதிகளோடு ஆடி, ஐந்து கோல் அடித்து, பரிசாக வைக்கப்பட்டிருந்த பன்றியைத் தம் கோஷ்டிக்கு வென்று தந்தார். கைதிகள் கரகோஷம் செய்தார்கள். காவலர்களும் கண்குளிரக் கண்டிருப்பார்கள். ஆனால் கதவு திறந்தது கோலுக்கல்ல. 16 லட்சம் டாலர் ஜாமீனுக்கு! அதுவும் வீட்டுக்கல்ல, ஹோட்டல் காவலுக்கு!