குட்டி யானையும் கடல்சார் காப்பீடும்: ஆவடி–பூந்தமல்லி வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்போம்: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்னும் முக்கோணம். வாடகை ஏறியதாலோ, டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாலோ, வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதாலோ இதற்குள் இடம்பெயரும் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களே ஆய்வுப்பொருள். ஆடியில் யாரும் வீடு மாற்றுவதில்லை. ஆகவே அம்மாதத் தரவு இல்லை.

சாமான் ஏறும் வாகனம் குட்டி யானை. அதில் போகும் பீரோவுக்குக் காப்பீடு கேட்டால், கம்பெனியில் நம்மை 'மரைன்' பிரிவுக்கு அனுப்புவார்கள். லாரியிலும் ரயிலிலும் போகும் சரக்கை அந்தப் பிரிவுதான் கவனிக்கிறது. ஆவடிக்குக் கடல் ஏது என்று வாதிட வேண்டாம். வழியில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. அதைக் காட்டிச் சமாதானம் அடையலாம்.

இப்பிரிவில் காப்பு ஏ, பி, சி என மூவகைப்படும். சி என்பது தீயும் மின்னலும் மட்டும். பி அவற்றோடு வண்டி மோதல், கவிழ்தல், பாலம் இடிதல் ஆகியவற்றையும் சேர்க்கும். ஏ, விலக்குகள் நீங்கலாக எல்லாம். பிரீமியம் குறைவென்று பி-யைப் பிடித்தவர் நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகக் கூவத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே பாலம் இடிந்து பீரோ கூவத்தில் விழுந்தால் அவருக்குப் பணம் உண்டு. வேகத்தடையில் வண்டி துள்ளி டிவி திரை விரிசல் விட்டால் கிடையாது. பாலம் திடமாக நிற்கிறது. வேகத்தடையோ தெருவுக்கு ஒன்று. நடக்காததற்கு எடுக்கும் காப்பே பி என்பது எம் துணிபு.

ஏ எடுத்தவர் மட்டும் தப்பினாரா? கீறல், நசுங்கல், வெளியே அடிபடாமல் உள்ளே கெட்டுப்போகும் பிரிட்ஜ், நாமே கட்டிய அட்டைப்பெட்டி இவையெல்லாம் பல பாலிசிகளில் விலக்கு. கீறலையும் நசுங்கலையும் கழித்தபின் பீரோவுக்கு வேறு என்னதான் நேரும் என்பது தனி ஆய்வுக்குரியது. செட்டாக உள்ள பொருளில் உடைந்த துண்டின் விலை மட்டும் தரும் விதியும் உண்டு. தசாவதாரக் கொலு செட்டில் வராகர் உடைந்தால் வராகருக்கு மட்டுமே பணம்; அந்த வருஷம் நவாவதாரக் கொலுதான்.

மதிப்பைக் குறைத்து எழுதுவோர் தனி இனம். 4 லட்சம் பெறும் சாமானை 1 லட்சம் என்று எழுதினால், 40,000 ரூபாய் சேதத்துக்குக் கைக்கு வருவது 10,000. மீதி முக்கால் பங்குக்கு நாமே நமக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்பது 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் நிலை.

பேக்கர்ஸ் கொட்டேஷனில் 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்றொரு வரியும் சதவீதமும் இருக்கும். காப்பீட்டுக் கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் அருகில் இல்லையேல் அது வெறும் வரி, இரு பொருளிலும். சட்டமும் ஒரு கை கொடுக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும், கூடுதல் பொறுப்புக்குத் தனிக் கட்டணம் பேசாதவரை, சரக்கு ஏற்றுபவரின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. 3,000 வாடகை என்றால் 30,000. அதைக் கேட்கக் கையில் சரக்கு ரசீது வேண்டும். குட்டி யானைக்காரரிடம் ரசீது கேட்டால், "ஏன் சார், நம்ம மேல நம்பிக்கை இல்லியா?" என்பார்.

இறுதியாக, சாமான் பட்டியல் தயாரித்தல். கணவர் நோட்டுடன் உட்கார்ந்து டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று விலை போட்டு வருகிறார். "உங்க அம்மா குடுத்த வெண்கலப் பானைக்கு எவ்ளோ போடலாம்?" என்கிறார்.

"அத ஏன் வண்டியில ஏத்துறீங்க? சாமி படத்தோட நான் ஆட்டோவுல மடியில வச்சு எடுத்துட்டு வர்றேன்."

மடியில் வரும் பானைக்கு ஏ, பி, சி எதுவும் பொருந்தாது. பிரீமியம், ஆட்டோக்காரர் கேட்பது.