மடியில் மாடு, இலையில் சோயா

கர்னாடக இசை உலகில் சைவமாக இருப்பது சாதனையே இல்லை. சபா கேண்டீனில் வேறெதுவும் கிடைக்காது. வீகனாக இருப்பதுதான் சோதனை. எனக்குத் தெரிந்த மிருதங்க வித்வான் ஒருவர் பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் கச்சேரிக்குப் போய்த் தங்கும் வீடுகளிலெல்லாம் மாமிகளுக்குப் படபடப்பு. "நெய்தானே அண்ணா, மாட்டைக் கொன்னா எடுக்கறோம்?" என்றபடி பொங்கலில் இன்னொரு கரண்டி விழும். 1978 முதல் அமெரிக்காவில் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குப் போனாலும் கதை இதேதான். தயிர்சாதத்துக்கு விசா தேவையில்லை. காபியை சோயாப் பாலில் குடிக்கிறார். முகத்தில் முகாரி.

விரதமெல்லாம் மேடையேறும்வரைதான். மடியில் கிடக்கும் வாத்தியத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் உண்டு. இதை விவரமாக எழுதிய பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் புத்தக வெளியீட்டுக்கு, 2020-ல், கொடுத்த அரங்கத்தையே கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசித்தால் நாதம், வாய்விட்டுச் சொன்னால் அபசுரம். வேடிக்கை என்னவென்றால், மிருதங்கத்தின் சாப்பாடு மட்டும் சுத்த வீகன்: வலப்பக்க வலந்தலைக்குக் கல்பொடி பிசைந்த சோறு, இடப்பக்கத் தொப்பிக்கு ரவை.

பக்கத்தில் வயலின்காரரின் வில்லில் குதிரைமுடி. வீணைப் பக்கம் ஒதுங்கலாமென்றால், மெட்டுகளைத் தாங்குவது தேன்மெழுகு. தப்பிப்பவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்லலாம். கடம், மானாமதுரை மண். மோர்சிங் இரும்பு, பெயரில் மட்டும் மோர்.