தாத்தா போட்ட எஸ்டிமேட்

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தக் காயிதத்தை இப்படிக் குடு. கண்ணாடியை எங்க வச்சேன்... நெத்தியிலதான் இருக்குதா, சரி.

"பழைய நெல்லு ரூம்பை மாடர்ன் பண்றது." பலே! ஜிப்சம் சீலிங்கு, அதுக்குள்ள ஒளிச்சி வச்ச லைட்டு, சுவத்துக்கு பி.வி.சி. பேனலு, தரைக்கு வழுக்கற டைல்ஸு, ஒத்தை டன் ஏ.சி. ஆகக்கூடி 3,85,000 ரூவா. நாலு லட்சத்துக்குப் பதினஞ்சாயிரம் கம்மியா எழுதியிருக்கான், மனசாட்சி உள்ள ஆளு. அந்தப் பதினஞ்சாயிரம் கடைசி நாள்ல "தாத்தா, ஒரு சின்ன எக்ஸ்ட்ரா"ன்னு வந்து நிக்கும், பாரேன்.

நான் வேணாம்னு சொல்லலைடா கண்ணு. 1998ல இருங்காட்டுக்கோட்டையில முதல் சான்ட்ரோ வெளிய வந்த வருஷமே உங்கப்பன் அந்த ரூம்புல நெல்லு கொட்டறதை நிறுத்திட்டான். இப்ப அதுல கிழிஞ்ச கோணி, உடைஞ்ச சைக்கிள், உங்க அத்தை கல்யாணத்துக்கு வாங்கின அண்டா, நாலு தலைமுறை எலி, இதுங்கதான் குடித்தனம். யாராவது அதுக்கு ஒரு வழி பண்ணணும்தான். அதுக்காக 1865ன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டியாமே, அது இன்னா கதை?

மேலே ஏறி ஓட்டைத் திருப்பிப் பாத்தியாம். "பாசல் மிஷன், 1865"ன்னு அச்சு இருந்துச்சாம். உடனே "எங்க வீட்டுக்கு நூத்தி அறுவது வயசு"ன்னு கம்பெனி பசங்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பிட்டியாம். ஏன்டா, பிஸ்கட்டு பாக்கெட்டுல கம்பெனி ஆரம்பிச்ச வருஷம் போட்டிருந்தா உள்ள இருக்கிற பிஸ்கட்டும் அந்த வருஷத்துதா? மங்களூர்ல ஜெர்மன்காரன் பிளெப்ஸ்ட்டுன்னு ஒரு பாதிரியாரு, ஆத்துக் களிமண்ணைப் பாத்துட்டு மிஷன் பேர்ல ஓட்டுச் சூளை வச்ச வருஷம் அது. அப்புறம் எத்தனையோ வருஷம் அதே அச்சுல அடிச்சான். நம்ம வீட்டு ஓடு புதுசு கூட இல்லை. செங்கல்பட்டுல இடிச்ச ஏதோ கட்டடத்து ஓட்டை உன் கொள்ளுத் தாத்தன் ஏலத்துல எடுத்து மாட்டு வண்டியில கொண்டாந்து போட்டாரு. பழசை வாங்கறதுல நம்ம பரம்பரைக்கு ஒரு கூச்சமும் கிடையாது. உனக்குத்தான் வந்துட்டுது.

இப்ப அந்த ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் போட்டு மூடணும்னு சொல்ற. போடு. மத்தியானம் சூடான காத்து மேலே எழும்பி ஓட்டுச் சந்துல வெளிய போவுது; அதுக்குத்தான் ஓட்டு வீட்டுல சித்திரையில கூட மனுசன் தூங்கினான். நீ நடுவுல பலகை அடிச்சா அந்த அனல் மேலேயே சுத்திக்கினு இருக்கும், அதைக் குளிர வைக்க ஏ.சி. ராப்பகலா மூச்சு வாங்கும். அதோட, ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒன்றரை அடி இருட்டு சந்து கிடைச்சா யாரு குடிவருவாங்கன்னு நினைக்கற? மரநாயி. பனம்பழம் தின்னுட்டு வந்து உன் ஒளிச்சி வச்ச லைட்டு மேலே ஒன்னுக்குப் போவும். வெள்ளைக் கூரையில மஞ்சளா ஒரு தேசப்படம் விழும். வாடகை தராத குடித்தனக்காரன், காலி பண்ணவும் மாட்டான்.

சரி, சுவத்துக்கு வருவோம். கீழே மூணடிக்கு ஈரம் ஏறி உப்பு பூத்திருக்குது, அதை மறைக்கத்தானே பேனலு? உன் கம்பெனியில நீ குவாலிட்டி பாக்கற ஆளு. வண்டியில துரு தெரிஞ்சா மேலே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவியா? லைனை நிறுத்தி, எங்கருந்து வந்துச்சின்னு பின்னாடியே போய்த் தேடமாட்ட? அங்க இருக்கிற மூளை வீட்டுக்கு வந்தா எங்க போவுது, ஷூவோட கழட்டி வச்சிடறியா?

எழுந்து வா. வெளிய வா, உள்ள இல்லை. வாசப்படியை எண்ணு.

ஒன்னா? நான் கல்யாணம் கட்டி வந்தப்போ மூணு. உங்க ஆயா குடத்தோட மூணு படி ஏறுவா. ரெண்டு படி எங்க போச்சின்னு கேளு. ரோட்டுக்கு அடியில போச்சி. ஒவ்வொரு தபா தார் போடறப்பவும் பழசைச் சுரண்டாம அது மேலேயே போட்டான். ரோடு ஏற ஏற வீடு இறங்கிப் போச்சி. பக்கத்துல ஷெட்டு கட்டினவன் லாரி லாரியா கிராவலைக் கொட்டி அவன் எடத்தை மேடாக்கிக்கினான். ஒரு காலத்துல வயல்ல நின்னு, ஓடையில இறங்கி, ஏரிக்குப் போன தண்ணி இது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, எல்லாத்தோட உபரியும் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போய்ச் சேரணும். இப்ப அதுக்கு வழி தெரியலை, நம்ம சுவத்தோரம் நின்னு யோசிக்குது. 2015 டிசம்பர்ல அந்த ஒத்தைப் படி வரைக்கும் வந்து யோசிச்சிது. மண் சாந்துல கட்டின சுவரு, நின்ன தண்ணியைத் திரி மாதிரி உறிஞ்சாம இன்னா பண்ணும்?

அதனால முதல் செலவு கடப்பாறைக்கும் மண்வெட்டிக்கும். சுவத்தோரம் ஏறிப்போன மண்ணை ஒன்றரை அடி எடு. அஸ்திவாரத்தை நோண்டிடாதே, கல்லு தெரிஞ்சா நிறுத்திடு. தண்ணி காவாய்ப் பக்கம் ஓடற மாதிரி வாட்டம் பாத்து ஜல்லி கொட்டு. ஓட்டு முனையில தகரப் பீலி மாட்டு, சொட்டற தண்ணி சுவத்துக்காலுல விழாது. அந்தக் காயிதத்துல இதுல ஒரு வரியாவது இருக்குதா? இருக்காது. மண்ணு எடுக்கறதுல கமிஷன் இல்லை.

இப்ப சிரிக்காம ஒன்னு கேளு. அந்தச் சுவத்தைக் கெடுத்ததுல ஒரு பாவி நான்தான். 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா கம்பெனி ஓட ஆரம்பிச்சப்போ ஊரே ரூம்பு கட்டி வாடகைக்கு விட்டுது. எனக்கும் ஆசை வந்துச்சி. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தித் தள்ளிட்டு, உள்ளயும் வெளியேயும் மூணடிக்கு சிமென்ட்டு பூசினேன், பளபளன்னு. கொத்தனார் ஒரு வயசாளி, "வேணாம் மொதலாளி, மண்ணு சுவரு மூச்சு விடணும்"ன்னாரு. "நீ மூச்சு விடாம வேலையைப் பாரு"ன்னேன். அன்னைக்கு எனக்கு வாயி இப்ப உனக்கு இருக்கிற மாதிரி.

ரெண்டு மழைக்காலம் தாங்குச்சி. சிமென்ட்டு இறுக்கமா மூடிக்கினதால உள்ள புகுந்த ஈரம் வெளிய ஆற வழியில்லாம மேலே ஏறி, சிமென்ட்டு முடியற எடத்துல உப்பாப் பூத்துது. தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம். பூச்சு தனி, சுவரு தனி, விவாகரத்து ஆன ஜோடி மாதிரி ஒரே வீட்டுல நிக்குது. அதுல வாடகைக்கு இருந்த பொண்ணுங்க பெட்டி எல்லாம் பூஞ்சை. 2014 நவம்பர்ல கம்பெனியும் மூடிட்டான், வாடகையும் போச்சி. போட்ட காசை எடுக்கலைன்னு உங்க ஆயாகிட்ட இன்னி வரைக்கும் சொல்லலை. நீயும் சொல்லாதே.

நீ வாடகைக் கணக்குதானே மனசுல வச்சிருக்க? தெரியும், தெரியும். 2024 ஆகஸ்டுல வல்லம் வடகால்ல சிப்காட்டு 18,720 பொம்பளப் புள்ளைங்க தங்கற மாதிரி கட்டிடத்தைத் தொறந்துட்டாங்க, 700 கோடிக்கு மேலே செலவு. நீ ஒத்தை நெல்லு ரூம்பையும் ஒத்தை டன் ஏ.சி.யையும் வச்சிக்கினு போட்டி போடப் போறியா? போடு, தைரியமா போடு.

சிமென்ட்டைப் பாத்துப் பயந்துக்கினு நான் பேசலை. அது வேற சுவத்துக்கு ராஜா. ஆஸ்ப்டின்னு இங்கிலீஷ்காரன் 1824ல பேட்டன்டு வாங்கினது. நம்ம மெட்ராஸ்லயே 1904ல கிளிஞ்சலைச் சுட்டு சிமென்ட்டு பண்ணிப் பாத்தாங்க, தேறலை. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே, பஜ்ஜி மடிச்ச பேப்பரையும் படிச்சிட்டுத்தான் தூக்கிப் போடறவன் நானு. கான்கிரீட்டு வீட்டுக்கு அது சரி. மண் சாந்துச் சுவத்துக்கு சுண்ணாம்புதான் சொந்தம்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில சுட்டா உள்ள இருக்கிற வாயு கோவிச்சிக்கினு வெளிய போயிடுது. தண்ணியில போட்டா தளதளன்னு கொதிச்சி நீறாயிடுது. கிட்ட நின்னு எட்டிப் பாக்காதே, கண்ணு போயிடும். சுவத்துல பூசிட்டா, வெளிய போன அதே வாயுவைக் காத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சி மறுபடியும் கல்லாயிடுது. கோவிச்சிக்கினு போன மாப்பிள்ளை பொங்கலுக்குத் திரும்பி வர்ற மாதிரி. அவசரப்படுத்தினா வரமாட்டாரு, அவ்வளவுதான்.

செய்யற வரிசை இது. நான் பூசின சிமென்ட்டை உளியால மெதுவா எடு. மெஷினு வச்சி அதிர வச்சே, சுவரே உன் மடியில வந்து உக்காரும். சித்திரை வைகாசி ரெண்டு மாசம் சுவத்தை அம்மணமா காய வுடு. அப்பால நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலிச்ச மணலு மூணு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி. யூடியூபுல எவனோ முட்டை வெள்ளைக்கருன்னு காட்டியிருப்பான். அது செட்டிநாட்டு வழவழப்புக்கு. நெல்லு ரூம்புக்கு முட்டையை உடைச்சே, உங்க ஆயா உன் மண்டையை உடைப்பா. மேலே வெள்ளையடிக்க, பனமட்டை நுனியை நசுக்கினா பிரஷ்ஷு.

ஏ.சி. வேணும்னா வச்சிக்கோ, நான் கூட மத்தியானம் வந்து உக்காருவேன். ஆனா ஒயரை உள்ள புதைக்க சுவத்தை வெட்டாதே, மேலயே பட்டி அடிச்சிக் கொண்டு போ. குளிக்கிற ரூம்பை இந்தச் சுவத்துல ஒட்டவே ஒட்டாதே. எல்லாப் பாடும் பட்டுத் தண்ணியை வெளிய துரத்திட்டு, அப்பால குழாய் போட்டு உள்ள கூப்பிடறதா? வாஸ்துக்காரன் கதவை மாத்தச் சொன்னானாமே? தேக்குக் கதவுடா அது. அவன் வீட்டுக் கதவை மாத்தறானான்னு போய்ப் பாத்துட்டு வா, அப்பால பேசுவோம்.

ஓடு? உடைஞ்சதை மாத்து, ஐப்பசி மழைக்கு முன்னாடி. வேற ஒன்னும் பண்ணாதே.

இன்னா, அந்தக் காயிதத்தைக் கேக்கறியா? கொஞ்சம் இரு. நீ பேசிக்கினு இருக்கும்போதே நான் அதுல வெத்தலையை மடிச்சிட்டேன். சுண்ணாம்பு டப்பாவை அந்த மாடத்துலருந்து எடு... அது இல்லை, பக்கத்துல. ஹூம். போயி அந்த மண்வெட்டியைக் கொண்டா, காம்பு ஆடுது, ஆப்பு வச்சிக் குடுக்கறேன்.